படிநிலத்து முழங்கால்

பூம்பாறையில் சமதளம் என்று சொல்லக்கூடிய இடத்தைத் தேடித்தான் பார்க்க வேண்டும். கொடைக்கானலிலிருந்து மன்னவனூர் போகும் சாலையில் சுமார் 18 கிலோமீட்டர் தொலைவில், கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,900 மீட்டர் உயரத்தில் இருக்கும் இந்த ஊரின் விளைநிலம் பெரும்பாலும் மலைச்சரிவில் படிகளாக வெட்டி எடுத்தது. மலைப்பூண்டு, உருளைக்கிழங்கு, கேரட், பீன்ஸ் எல்லாம் அந்தப் படிகளில்தான் விளைகின்றன. பூண்டைப் பல் பல்லாகப் பிரித்துப் பாத்தியில் ஊன்றுவது, களை எடுப்பது, விளைந்ததைப் பிடுங்குவது என்று எல்லாமே குனிந்தோ குத்தவைத்தோ செய்யும் வேலைகள். பிறகு மூட்டையை ஏற்றிக்கொண்டு வண்டி நிற்கும் இடம்வரை ஏறவோ இறங்கவோ வேண்டும். இப்படி முப்பது நாற்பது வருடம் உழைத்த முழங்கால் ஐம்பது வயதுக்கு மேல் வலிக்கத் தொடங்கினால், வீட்டிலும் ஆஸ்பத்திரியிலும் சொல்லப்படும் காரணம் ஒன்றுதான்: உழைத்து உழைத்து மூட்டு தேய்ந்துவிட்டது. எக்ஸ்ரேயில் இரண்டு எலும்புகளுக்கு நடுவே இடைவெளி குறைந்திருப்பதையும் பார்த்துவிட்டால் சந்தேகத்துக்கு இடமில்லாமல் போகிறது. அடுத்து வரும் அறிவுரையும் இந்தக் காரணத்திலிருந்தே பிறக்கிறது. இனி நடக்காதே, மேடு ஏறாதே, மிச்சம் இருப்பதையாவது காப்பாற்றிக்கொள்.

காரணத்தில் பாதி சரி. பாரத்துக்கும் மூட்டு அழிவுக்கும் உறவு உண்டு. அதை மறுக்க எந்தச் சான்றும் இல்லை. ஆனால் உரசி உரசிக் குருத்தெலும்பு கரைந்துபோகிறது என்ற மறு பாதி தவறு. கடந்த ஐம்பது ஆண்டுகளில் திரண்டிருக்கும் ஆய்வுகளை ஒன்றாக வைத்துப் பார்த்தால் வேறொரு வரலாறு தெரிகிறது. பொருந்தாத பாரம் அழிவைத் தொடங்கிவைக்கிறது. அழிவை நடத்துவது அந்த மூட்டுக்குள் வாழும் உயிர்ச்செல்கள். அவை தாங்களே சுரக்கும் நொதிகளால் தம்மைச் சுற்றியுள்ள கட்டுமானத்தை அறுக்கின்றன. இது ஏதோ ஆய்வுக்கூடத்து நுணுக்கம் என்று ஒதுக்கிவிட முடியாது. உரசலே காரணம் என்றால் அசையாமல் இருப்பது மருந்து. செல்களின் செயலே காரணம் என்றால் அசையாமல் இருப்பது பல சமயம் கேடு. படிநிலத்தில் பிழைப்பவருக்கு இந்த இரண்டில் எது உண்மை என்பது மீதி வாழ்நாள் எப்படிக் கழியும் என்ற கேள்வி.

குருத்தெலும்பின் கட்டுமானத்திலிருந்து தொடங்குவதே நல்லது, ஏனென்றால் பலமும் பலவீனமும் அங்கேயே இருக்கின்றன. முழங்காலில் எலும்பு முனைகளைப் போர்த்தியிருக்கும் இந்த வழுவழுப்பான அடுக்கின் தடிமன் பெரும்பாலும் இரண்டு முதல் நான்கு மில்லிமீட்டர்தான். முழங்கால் சில்லுக்குப் பின்னால் கொஞ்சம் கூடுதல். எடையில் முக்கால் பங்கு வரை தண்ணீர். ரத்தக் குழாய் இல்லை, நரம்பு இல்லை. செல்கள் மொத்தக் கன அளவில் ஓரிரண்டு விழுக்காடுதான். ஒவ்வொன்றும் தனித்தனியே தன் குழிக்குள் அடைந்து கிடக்கிறது. மற்றதெல்லாம் அந்தச் செல்கள் கட்டி வைத்த பொருள். அதில் இரண்டு கூறுகள் முக்கியம். ஒன்று, இரண்டாம் வகைக் கொலாஜன் இழைகளால் ஆன வலை. மற்றொன்று, அந்த வலைக்குள் அடைபட்டிருக்கும் அக்ரிகன் என்ற பெரிய மூலக்கூறு. அக்ரிகன் தன் மேல் எதிர்மின் ஏற்றத்தை நிறையச் சுமந்திருப்பதால் தண்ணீரை ஓயாமல் உள்ளே இழுக்கிறது. ஊதிப் பெருக முயல்கிறது. கொலாஜன் வலை அதை அந்த அளவுக்கு ஊத விடுவதில்லை. நீர் குடித்துப் பருத்த மண்ணைப் படிநிலத்தின் கரை பிடித்து நிறுத்துவதைப் போன்ற ஏற்பாடு இது. கரை உறுதியாக இருக்கும்வரை அந்த ஈர மண்தான் நிலத்தின் வளம். கரை நெகிழ்ந்தால் அதே ஈரம் நிலத்தைச் சரித்துவிடும். ஒரு அடி எடுத்து வைக்கும்போது விழும் பாரத்தின் பெரும்பகுதியை முதலில் தாங்குவது உள்ளே அழுத்தப்பட்டிருக்கும் இந்தத் தண்ணீர்தான். திண்மமான பகுதிக்கு மிகக் குறைந்த பங்கே போகிறது.

அக்ரிகனையும் கொலாஜனையும் உடல் ஒரே மாதிரி நடத்துவதில்லை. அக்ரிகன் போனால் செல்கள் மெதுவாகவேனும் புதிதாகச் செய்துகொள்ளும். கொலாஜன் அப்படி இல்லை என்பதை நிறுவிய சான்று எதிர்பாராத இடத்திலிருந்து வந்தது. 1950களின் நடுவிலிருந்து 1963 வரை நடந்த அணுகுண்டுச் சோதனைகள் வளிமண்டலத்தில் கார்பன்-14 அளவை ஏறத்தாழ இரு மடங்காக்கின. பிறகு அது படிப்படியாகக் குறைந்தது. எந்த ஆண்டில் உருவான திசுவோ அந்த ஆண்டின் கார்பன் அளவு அதில் பதிந்திருக்கும். டென்மார்க் ஆய்வாளர்கள் வெவ்வேறு காலத்தில் பிறந்தவர்களின் முழங்கால் குருத்தெலும்பை இந்த முறையில் அளந்து 2016இல் முடிவை வெளியிட்டார்கள். வளரும் பருவத்தில் உருவான கொலாஜன்தான் முதுமை வரை அப்படியே இருந்தது. நோய் கண்ட மூட்டிலும் புதுக் கொலாஜன் வலைக்குள் சேர்ந்ததற்கான தடயம் ஏறக்குறைய இல்லை. இருபது வயதுக்குள் கட்டி முடித்த கரையை வைத்துக்கொண்டு எண்பது வயது வரை ஓட்ட வேண்டும் என்பதே இதன் பொருள். லண்டன் மருத்துவர் வில்லியம் ஹண்டர் 1743இல், அழிந்த குருத்தெலும்பு மீளாது என்று அறுத்துப் பார்த்த அனுபவத்தில் எழுதியதற்கு மூலக்கூறு அளவிலான காரணம் கிடைக்க 273 ஆண்டுகள் ஆயின.

புதுப்பிக்க முடியாத பொருள் என்றால் அது உழைப்பால் தேய்வதுதானே இயல்பு என்று கேட்கலாம். வலுவான கேள்விதான், ஆனால் உண்மைகள் அதற்கு ஒத்துழைக்கவில்லை. ஆரோக்கியமான குருத்தெலும்பு இரண்டு ஒன்றன் மேல் ஒன்று வழுக்கும்போது எழும் உராய்வு, மனிதர் செய்த பெரும்பாலான தாங்கு உருளைகளில் இருப்பதைவிடக் குறைவு. கணுக்காலை எடுத்துக்கொள்வோம். மலையேறுபவருக்கு முழங்காலுக்குச் சற்றும் குறையாத பாரம் கணுக்காலிலும் விழுகிறது. அங்குள்ள குருத்தெலும்பு முழங்காலில் இருப்பதைவிட மெல்லியது. உரசல்தான் காரணம் என்றால் முதலில் போக வேண்டியது கணுக்கால். ஆனால் பழைய எலும்பு முறிவோ தசைநார்க் காயமோ இல்லாமல் கணுக்கால் மூட்டு இந்த நோய்க்கு ஆளாவது அரிது. கைவிரல்களைப் பார்த்தால் புதிர் இன்னும் கூடுகிறது. உடல் பருமனானவர்களுக்கு விரல் மூட்டுகளிலும் இந்த நோய் அதிகம் வருகிறது. யாரும் விரலால் நடப்பதில்லை. கொழுப்புத் திசு வெறும் எடையாக மட்டும் இல்லாமல், அழற்சியைத் தூண்டும் வேதிப்பொருள்களைச் சுரக்கும் உறுப்பாகவும் இருக்கிறது என்பதைச் சேர்த்துக்கொண்டால்தான் இது விளங்கும்.

இன்னொரு சான்று அருங்காட்சியக எலும்புகளிலிருந்து வருகிறது. ஹார்வர்டைச் சேர்ந்த இயன் வாலஸும் டேனியல் லீபர்மேனும் மற்றவர்களும் அமெரிக்க எலும்புக்கூடுகள் இரண்டாயிரத்துக்கு மேல் பார்த்து 2017இல் எழுதினார்கள். ஐம்பது வயதைத் தாண்டியவர்களில், தொழிற்புரட்சியின் தொடக்க காலத்தவரிடம் முழங்கால் மூட்டு அழிவு 6 விழுக்காடு. இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியைச் சேர்ந்தவர்களிடம் 16 விழுக்காடு. வேட்டையாடியும் பயிரிட்டும் வாழ்ந்த பழங்குடிகளிடம் 8 விழுக்காடு. வயதையும் எடையையும் கணக்கில் கழித்த பின்னும் இரு மடங்கு வித்தியாசம் நின்றது. உடலுழைப்பு மிகுந்த தலைமுறைக்குக் குறைவாகவும் நாற்காலித் தலைமுறைக்கு அதிகமாகவும் வரும் ஒன்றை உழைப்பின் தேய்மானம் என்று மட்டும் விளக்க முடியாது. 2002இல் அமெரிக்காவின் ஹூஸ்டனில் நடந்த ஆய்வு வேறொரு பக்கத்திலிருந்து இதே இடத்துக்கு வந்தது. சொரசொரப்பான மூட்டைத் துளை வழியாகச் சீவி வழுவழுப்பாக்கிய சிகிச்சைக்கும், தோலை மட்டும் கீறித் தைத்த போலி அறுவைக்கும் வலி குறைவதில் வித்தியாசமே தெரியவில்லை. மேற்பரப்பின் சொரசொரப்புதான் நோய் என்றால் அதைச் சீவியதும் பலன் தெரிந்திருக்க வேண்டும்.

அப்படியானால் உள்ளே நடப்பது என்ன? குழிக்குள் அடைந்து கிடக்கும் செல் பாரத்தை உணரக்கூடியது. வழக்கமான நடையின் அழுத்தமும் தளர்வும் மாறி மாறி வரும்போது அது அமைதியாக அக்ரிகனைச் செய்துகொண்டிருக்கிறது. திடீர் அடி, பிறைக்குருத்துக் கிழிவு, ஊரில் ஜவ்வு கிழிந்தது என்று சொல்கிறோமே அந்தக் காயம், அல்லது தொடை வலுவிழந்து மூட்டு ஒரு பக்கமாகச் சாய்ந்து தாங்குவது என்று பாரத்தின் போக்கு மாறிவிட்டால் செல்லின் நடத்தையும் மாறுகிறது. ஏடிஏஎம்டிஎஸ் என்ற குடும்பத்தின் நான்காம், ஐந்தாம் நொதிகளை அது கூடுதலாக வெளியிடுகிறது. இவை அக்ரிகனைக் குறிப்பிட்ட இடங்களில் வெட்டுகின்றன. வெட்டுப்பட்ட துண்டுகள் மூட்டுத் திரவத்தில் கலந்து வெளியேறுகின்றன. 2005இல் நேச்சர் இதழில் அடுத்தடுத்து வந்த இரண்டு கட்டுரைகள் இதைத் திட்டமாகக் காட்டின. ஐந்தாம் நொதி இல்லாதபடி மரபணு மாற்றிய எலிகளில் ஒரு குழு முழங்காலின் பிறைக்குருத்தைத் தளர்த்திவிட்டது. மற்றொரு குழு மூட்டழற்சியை உண்டாக்கியது. இரண்டிலும் குருத்தெலும்பு பெருமளவு தப்பியது. முதல் சோதனையில் பாரம் அதேதான், சிதைந்த மூட்டும் அதேதான். அறுக்கும் கத்தி மட்டும் இல்லை. செல்லின் செயலை விலக்கினால் பாரத்தால் மட்டும் அதே வேகத்தில் மூட்டை அழிக்க முடியவில்லை என்பதற்கு இதைவிட நேரடியான சோதனை எனக்குத் தெரியவில்லை.

அக்ரிகன் மட்டும் போன கட்டம் ஓரளவு திரும்பக்கூடியது. அதன் பிறகு கொலாஜனேஸ் நொதி, குறிப்பாக எம்எம்பி-13, கொலாஜனின் முப்புரி இழையை நாலில் மூன்று பங்கு, ஒரு பங்கு என்று இரண்டாகத் துண்டிக்கத் தொடங்கினால் நிலைமை வேறு. வலை தளர்கிறது, எஞ்சியிருக்கும் அக்ரிகன் கட்டுப்பாடின்றித் தண்ணீரை இழுக்கிறது, குருத்தெலும்பு முதலில் ஊதி மெத்தென்று ஆகிறது. நோயின் தொடக்கத்தில் அது மெலிவதற்கு முன் சற்றே தடிக்கக்கூடும் என்பதும் வெறும் தேய்மானத்தோடு பொருந்தாத செய்திதான். அறுந்த கொலாஜன் துண்டுகளும் ஃபைப்ரோநெக்டின் என்ற புரதத்தின் துண்டுகளும் செல்லின் ஏற்பிகளில் போய் ஒட்டி, காயம் பட்டிருக்கிறது என்ற செய்தியைக் கொடுக்கின்றன. செல் இன்னும் அதிக நொதியைச் சுரக்கிறது. மூட்டைச் சுற்றியுள்ள சவ்வுக்கும் செய்தி போகிறது. அது வீங்கி, இன்டர்லூகின் போன்ற தூண்டுபொருள்களைத் திருப்பி அனுப்புகிறது. கீழே உள்ள எலும்பு தடித்து இறுகுகிறது; ஓரங்களில் எலும்பு முள் வளர்கிறது. சில செல்கள், குழந்தைப் பருவத்தில் எலும்பு வளர்ந்தபோது செய்ததை மறுபடி செய்யத் தொடங்கி, பருத்து, பத்தாம் வகைக் கொலாஜனைச் சுரந்து, கடைசியில் சாகின்றன. இவற்றில் குருத்தெலும்புக்குள் நடப்பது, அங்கே நரம்பு இல்லாததால், வலியாகத் தெரிவதில்லை. வலி வருவது சவ்விலும் எலும்பிலும் அழிவு எட்டிய பிறகு. எக்ஸ்ரேயில் பெரிதாக அழிந்த முழங்கால் வலிக்காமல் இருப்பதும், சிறிதளவே மாறிய முழங்கால் தூக்கத்தைக் கெடுப்பதும் அதனால்தான்.

இந்த இடத்தில் மிகக் கடினமான மறுப்பு ஒன்று எழும். உழைப்பாளிகளிடம் இந்த நோய் அதிகம் என்று காட்டும் ஆய்வுகள் ஒன்றிரண்டு அல்ல. அமெரிக்காவின் ஃபிரேமிங்ஹாம் ஊரைப் பல பத்தாண்டுகள் பின்தொடர்ந்த ஆய்வில், முழங்காலை மடக்கிக்கொண்டு பாரமும் தூக்கும் வேலை செய்த ஆண்களுக்கு முழங்கால் நோய் இரு மடங்கு வந்தது. இங்கிலாந்தில் பத்து ஆண்டுகளுக்கு மேல் விவசாய வேலை செய்தவர்களுக்கு இடுப்பு மூட்டு நோய் ஏறத்தாழ ஒன்பது மடங்கு என்று 1992இல் ஓர் ஆய்வு சொன்னது. பூம்பாறைக்கு இவற்றைவிட நெருக்கமானது பெய்ஜிங் ஆய்வு. அங்குள்ள வயதான பெண்கள் ஃபிரேமிங்ஹாம் பெண்களைவிட எடை குறைந்தவர்கள். ஆனாலும் முழங்கால் நோய் அவர்களிடம் 45 விழுக்காடு அதிகம். இடுப்பு மூட்டு நோயோ எண்பது தொண்ணூறு விழுக்காடு குறைவு. இளவயதில் நாளொன்றுக்கு மூன்று மணி நேரத்துக்கு மேல் குத்தவைத்து உட்கார்ந்தவர்களுக்கு முழங்கால் ஆபத்து சுமார் இரு மடங்கு என்று 2004இல் அதே குழு கணக்கிட்டது. இவையெல்லாம் உழைப்பால் தேய்கிறது என்ற பழைய கருத்தை மீட்டுவிடவில்லையா?

மீட்கவில்லை, பெய்ஜிங்கே அதைத் தெளிவாகக் காட்டுகிறது. மொத்த உழைப்புதான் காரணம் என்றால் அந்தப் பெண்களின் இடுப்பும் முழங்காலும் சேர்ந்தே போயிருக்க வேண்டும். ஒன்று கெட்டது, மற்றொன்று காப்பாற்றப்பட்டது. ஆகவே எவ்வளவு பாரம் என்பதைவிட எந்தக் கோணத்தில், எவ்வளவு நேரம், தளர்வே இல்லாமலா என்பதே விஷயம். குத்தவைத்து அசையாமல் இருக்கும்போது குருத்தெலும்பிலிருந்து தண்ணீர் மெல்லப் பிழியப்படுகிறது. ஐம்பது முறை உட்கார்ந்து எழுந்தவர்களின் முழங்கால் சில்லுக் குருத்தெலும்பு 6 விழுக்காடு சுருங்கி, பழைய அளவுக்குத் திரும்ப ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் எடுத்ததை ஜெர்மானிய ஆய்வாளர்கள் எம்ஆர்ஐ மூலம் அளந்திருக்கிறார்கள். தண்ணீர் போன பிறகு பாரம் திண்மமான வலைக்கும் செல்லுக்கும் மாறுகிறது. களை எடுக்கும் நாளில் அந்த ஒன்றரை மணி நேர இடைவெளி கிடைப்பதே இல்லை. கீழிறங்கும் பாரமும் இன்னொரு கணக்கு. பெர்லினில் உணர்கருவி பொருத்திய செயற்கை மூட்டை உடலில் வைத்து நேரடியாக அளந்தபோது, சமதளத்தில் நடக்கையில் முழங்காலில் விழும் விசை உடல் எடையைப் போல் 2.6 மடங்காகவும், படி ஏறுகையில் 3.2 மடங்காகவும், இறங்குகையில் 3.5 மடங்காகவும் இருந்தது. ஏறுவதுதான் மூச்சு வாங்கும். மூட்டுக்குக் கொடியது இறக்கம். ஐம்பது கிலோ எடையுள்ள பெண் முப்பது கிலோ மூட்டையோடு இறங்கினால், விகிதப்படி பார்த்தால் ஒவ்வொரு அடியிலும் முழங்கால் தாங்குவது 280 கிலோவை ஒட்டிய பாரம். பூண்டு ஊன்றுவதும் களையும் பெரும்பாலும் பெண்களின் வேலையாக இருக்கும் ஊரில், மாதவிடாய் நின்ற பிறகு பெண்களுக்கு இந்த நோய் வேகமெடுப்பதையும் இதோடு சேர்த்துப் படிக்க வேண்டும்.

பாரத்தின் தன்மைதான் முக்கியம் என்றால் ஓடுபவர்கள் கதி என்ன? 2017இல் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்ததில், பொழுதுபோக்காக ஓடுபவர்களில் இடுப்பு அல்லது முழங்கால் நோய் 3.5 விழுக்காடு, ஓடாதவர்களில் 10.2, போட்டிக்கு ஓடுபவர்களில் 13.3. முழங்கால் வலித்தவர்கள் ஓடுவதை நிறுத்தியிருப்பார்கள், அதனால்தான் மிதமாக ஓடுபவர்கள் நலமாகத் தெரிகிறார்கள் என்று இதை மறுக்கலாம். அதில் நியாயம் உண்டு. ஆனால் எதிர்த்திசைச் சோதனையில் அந்த மறுப்புக்கு இடமில்லை. முதுகுத்தண்டு அடிபட்டு, கால்கள் செயலிழந்து, முழங்காலில் பாரமே விழாதவர்களின் குருத்தெலும்பு ஓராண்டுக்குள் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு மெலிந்ததைச் சுவிட்சர்லாந்தில் அளந்தார்கள். பாரமே இல்லாதபோதும் அது கரைகிறது. மறுபுறம், பிறைக்குருத்தை வெட்டி எடுத்திருந்தவர்களை ஸ்வீடனில் நான்கு மாதம் முறையாகப் பயிற்சி செய்ய வைத்தபோது குருத்தெலும்பின் அக்ரிகன் சார்ந்த அளவு உயர்ந்தது. அந்த முடிவு 2005இல் வந்தது. ஓய்வெடு என்ற அறிவுரை இந்த இரண்டுக்கும் நடுவே நிற்க முடியாது.

வயதும் பிறவியும் இந்த வாதத்துக்கு வெளியே இல்லை. சர்க்கரை மூலக்கூறுகள் ஒட்டி வயதான கொலாஜன் விறைத்து உடையக்கூடியதாகிறது, செல்களும் மூப்படைகின்றன. கொலாஜன் கட்டும்போதே பிழை இருந்தால் நோய் இளமையிலேயே வருகிறது. 1990இல் ஓர் அமெரிக்கக் குடும்பத்தில் இரண்டாம் வகைக் கொலாஜனின் ஒரே ஒரு அமினோ அமிலம் மாறியிருந்ததே பல மூட்டுகள் அழியக் காரணம் என்று கண்டார்கள். நம் பக்கத்தில் கர்நாடகத்தின் மலைநாட்டில், சிவமொக்கா மாவட்டத்து ஹந்திகோடு கிராமத்தில் 1970களின் நடுவில் கவனத்துக்கு வந்த மூட்டு நோய் ஏழை விவசாயத் தொழிலாளர் குடும்பங்களைச் சிறுவயதிலேயே முடமாக்கியது. தொடக்கத்தில் உணவின் மீதும் சந்தேகம் போனது. பிறகு அது குடும்ப வழியாக வருவது என்று தெரிந்தது. அதுவும் உழைப்பாளிகளின் நோய்தான், ஆனால் உழைப்பால் வந்தது அல்ல.

நொதிதான் குற்றவாளி என்றால் நொதியைத் தடுக்கும் மருந்து ஏன் இன்னும் வரவில்லை என்ற கேள்வியைத் தவிர்க்க முடியாது. தோல்விகள் உண்மையானவை. எம்எம்பி நொதிகளைப் பொதுவாகத் தடுத்த மருந்துகள் தோளையும் கையையும் இறுகச் செய்து கைவிடப்பட்டன. ஐந்தாம் நொதியைக் குறிவைத்த அல்டுமாஸ்டாட் மாத்திரை, தொள்ளாயிரத்துக்கும் மேற்பட்டவர்களிடம் ஓராண்டு சோதிக்கப்பட்டு, குருத்தெலும்பு இழப்பைக் குறைக்கவில்லை என்று 2020இல் அறிவிக்கப்பட்டது. ஸ்பிரிஃபெர்மின் என்ற வளர்ச்சிப் புரத ஊசி இரண்டு ஆண்டில், போலி ஊசியோடு ஒப்பிட்டால், தடிமனை 0.05 மில்லிமீட்டர் கூட்டியது; வலியில் வித்தியாசம் இல்லை. மூட்டுக்குள் போடும் ஸ்டீராய்டு ஊசியை மூன்று மாதத்துக்கு ஒருமுறை இரண்டு ஆண்டு போட்டுப் பார்த்த 2017ஆம் ஆண்டு ஆய்வில் வலியும் வேறுபடவில்லை, குருத்தெலும்பு இழப்போ சற்றுக் கூடியது. இவற்றை நொதிக் கருத்தின் தோல்வி என்று படிப்பதைவிடக் காலத்தின் தோல்வி என்று படிப்பது பொருத்தம் என்பது என் கணிப்பு. சோதனையில் சேர்ந்தவர்கள் எக்ஸ்ரேயிலேயே நோய் தெரிந்தவர்கள். கொலாஜன் வலை அறுந்துவிட்ட அந்தக் கட்டத்தில் அக்ரிகனைக் காப்பாற்றினாலும் அதைப் பிடித்து நிறுத்த எதுவும் இல்லை. சாய்ந்து தாங்கும் மூட்டின் பாரமும் அப்படியே தொடர்கிறது. எலிக்குக் காயத்துக்கு முன்பே நொதியை நீக்கினார்கள். மனிதருக்கு இருபது வருடம் கழித்து மாத்திரை கொடுத்தார்கள்.

பூண்டைப் பற்றியும் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் கொடைக்கானல் மலைப்பூண்டு 2019இல் புவிசார் குறியீடு பெற்றதிலிருந்து அதன் மருத்துவ குணம் பற்றிய பேச்சு சந்தையில் குறையவில்லை. லண்டனில் ஆயிரத்தை ஒட்டிய இரட்டைச் சகோதரிகளின் உணவையும் மூட்டையும் பார்த்த 2010ஆம் ஆண்டு ஆய்வில், பூண்டும் வெங்காயமும் அதிகம் சாப்பிட்டவர்களுக்கு இடுப்பு மூட்டு நோய் குறைவாக இருந்தது. பூண்டில் உள்ள டையலில் டைசல்ஃபைடு, ஆய்வுக்கூடத்தில் வளர்த்த செல்களில் எம்எம்பி-13 உள்ளிட்ட நொதிகளின் உற்பத்தியைக் குறைத்தது. சுவாரசியமான செய்தி, மேலே சொன்ன நொதிக் கதையோடு ஒத்தும் போகிறது. ஆனால் பலன் தெரிந்தது இடுப்பில். கிண்ணத்தில் இருந்த அளவுக்கு அந்தப் பொருள் சாப்பாட்டின் வழியே மூட்டை எட்டுமா என்பது வேறு விஷயம். பூண்டு விற்பவருக்கு இது விளம்பரமாகலாம். பூண்டு ஊன்றுபவரின் முழங்காலுக்கு மருந்தாகாது. குளிரும் அப்படித்தான். பனிக்காலத்தில் மூட்டு இறுகுவதாக மலைவாசிகள் சொல்வதைப் பொய் என்று தள்ள வேண்டாம். குருத்தெலும்பைக் குளிர் அழிக்கிறது என்பதற்கு மட்டும் ஆதாரம் கிடையாது.

அப்படியானால் இந்த மலையில் செய்யத்தக்கது என்ன? எடையைக் குறை என்பது நகரத்து மருத்துவரின் முதல் வாக்கியம், அது ஆதாரமுள்ளது. ஒரு கிலோ குறைந்தால் ஒவ்வொரு அடியிலும் முழங்கால் விசை நான்கு கிலோ அளவுக்குக் குறைகிறது என்று 2005இல் கணக்கிட்டிருக்கிறார்கள். ஆனால் படிநிலத்தில் வேலை செய்பவர் பலர் மெலிந்த உடம்புக்காரர்கள். அவர்கள் குறைக்கக்கூடிய எடை தலையில் இருக்கிறது. முப்பது கிலோ மூட்டையைப் பதினைந்து பதினைந்து கிலோவாகப் பிரித்து இரண்டு நடையாகக் கொண்டுபோனால் அடிகள் இரட்டிப்பாகும், மொத்தத்தில் மிச்சமில்லை என்று ஒரு விவசாயி கேட்டால் அது நல்ல கேள்வி. பதில் என்னவென்றால், செல் கூட்டுத்தொகையைவிட உச்சத்துக்கே அதிகம் பதில் சொல்கிறது. ஒரு வரம்பைத் தாண்டிய அழுத்தம்தான் இழையை விரிசலிடவும் செல்லைச் சாகடிக்கவும் செய்கிறது. அதற்குக் கீழே இருக்கும் பல ஆயிரம் அடிகளை மூட்டு ஏற்றுக்கொள்கிறது. கூலி நடைக்கு இவ்வளவு என்று பேசப்படும் இடத்தில் இதைச் சொல்வது எளிதல்ல என்பதும் உண்மை. படிநிலத்தின் அடிவரை வண்டிப்பாதை வருவது, இறக்கத்தில் மூட்டையைக் குதிரை சுமப்பது ஆகியவை மூட்டு நோய்த் தடுப்பு என்று எந்தச் சுகாதாரத் திட்டத்திலும் எழுதப்படுவதில்லை. எழுதப்பட வேண்டியவை அவைதான். தொடைத் தசையை வலுப்படுத்தும் பயிற்சி அடுத்தது. 2021இல் தமிழகத்தில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் இயன்முறை சிகிச்சையாளர் வீட்டுக்கே வருவதற்கு இடம் இருக்கிறது. அந்த வருகையில் வலி குறைக்கும் சூட்டு ஒத்தடத்தோடு இந்தப் பயிற்சியும் சேர வேண்டும்.

இந்தியாவின் ஐந்து இடங்களில் நடந்து 2016இல் வெளியான ஆய்வு முழங்கால் நோயை 28.7 விழுக்காட்டினரிடம் கண்டது. இவர்களில் ஒரு பகுதியினர் கடைசியில் அறுவை சிகிச்சைக்குத்தான் போவார்கள். போவதில் தவறும் இல்லை. 2017 ஆகஸ்டில் மத்திய அரசு செயற்கை முழங்காலுக்கு விலை வரம்பு விதித்து, வழக்கமான கோபால்ட்-குரோமியம் மூட்டை 54,720 ரூபாய்க்குக் கொண்டுவந்தது. வலியைத் தீர்ப்பதில் அந்த அறுவைக்கு நிகரானது இப்போது எதுவும் இல்லை. ஆனால் ஆபரேஷனுக்குப் பிறகு ஆழமாகக் குத்தவைத்து உட்கார வேண்டாம் என்பதே மருத்துவர்கள் பொதுவாகச் சொல்வது. வலியில்லாத முழங்காலோடு ஊர் திரும்புபவர் பூண்டுப் பாத்தியில் உட்கார முடியாது. நின்றபடியே களை எடுக்க நீளக் காம்பு போட்ட களைக்கொத்து அவருக்கு அப்போது தேவைப்படும். முப்பது வயதில் அதே பாத்தியில் முதல் களை எடுக்கும் அவர் மகளுக்கு அது இப்போதே தேவைப்படுகிறது.